கை அறியும் காற்று

காத்தாடி விட்டவர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்க வேண்டியதில்லை. காத்தாடி உயரே போய் ஒரு புள்ளியாகச் சிறுத்துவிட்ட பிறகு, அது அங்கே என்ன செய்கிறது என்பதைக் கண் சொல்வதில்லை. ஆள்காட்டி விரலில் படிந்தோடும் நூல்தான் சொல்கிறது. நூல் இறுகினால் மேலே காற்று வலுத்திருக்கிறது. துவண்டால் காத்தாடி கவிழப் போகிறது. அந்த ஒரு கணத்தில் இழுப்பதா, விடுவதா என்பதை விரல் தீர்மானிக்கிறது. நமக்குப் பிறகுதான் தெரியவருகிறது.

விமானம் ஓட்டுவதும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. விமானியின் கையில் இருந்த தண்டு ஆணையிடும் கருவி மட்டுமன்று, சேதி கேட்கும் கருவியும் கூட. அந்தச் சேதி ஒரு கட்டத்தில் அறுந்துபோனது. உயிர்ப்பலிக்குப் பிறகு செயற்கையாக மீட்கப்பட்டது. இன்று வீட்டு மேசையில் வைத்து விளையாடும் ஒரு கருவி வரை வந்து சேர்ந்திருக்கிறது. 'ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஜாய்ஸ்டிக்' என்று கடைக்காரர்கள் சொல்லும் அந்தக் கருவியைச் சைதாப்பேட்டையில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் நண்பர்கள் சிலர் சேர்ந்து பொருத்திப் பார்த்தோம். அதைப் பொருத்துவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். அது ஏன் அப்படி இருக்கிறது என்று புரிந்துகொள்ள ஒரு நூற்றாண்டைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சைதாப்பேட்டைக்கு விமானம் அந்நியமில்லை. கடற்புறமிருந்து வந்து மீனம்பாக்கத்தின் பிரதான ஓடுபாதையில் இறங்கும் விமானங்கள் அடையாறு, கிண்டி வான்வெளியில் தாழ்கின்றன. இங்குள்ள மாடிகளில் நின்று தெற்கே பார்த்தால் சக்கரங்களை நீட்டிக்கொண்டு போவது தெரியும். விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதைக்கு அடியில் நுழைந்து வரும் அடையாறுதான் பிறகு நம் மறைமலையடிகள் பாலத்தைக் கடக்கிறது. 1966இல் கட்டப்பட்ட இந்தப் பாலத்தின் இடத்தில் அதற்கு முன்பு இருந்தது மர்மலாங் பாலம்; 1726இல் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தம் சொந்தச் செலவில் கட்டுவித்தது. மதராஸ் நகரத்திலிருந்து பரங்கிமலைக்கும் பல்லாவரத்துக்கும் போக நேர்வழி அதுதான்.

அந்தச் சாலையின் இரு முனைகளில்தான் தென்னிந்தியாவின் விமான வரலாறு தொடங்குகிறது. மவுண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்திவந்த ஜியாகோமோ டி ஆஞ்செலிஸ் என்பவர், 1909இல் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தியால் உந்தப்பட்டு, தாமே ஒரு விமானத்தை வடிவமைத்தார். அதைச் செய்துகொடுத்தவர்கள் அதே சாலையில் குதிரை வண்டிகளுக்கும் மோட்டார் வண்டிகளுக்கும் கூடு கட்டிவந்த சிம்ப்சன் நிறுவனத்தார். 1910இல் பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, தீவுத்திடலில் கட்டணம் வைத்து மக்களுக்குப் பறந்து காட்டினார் டி ஆஞ்செலிஸ். அலகாபாத்தில் ஹென்றி பெக்கே தபால் மூட்டையோடு யமுனையைத் தாண்டிப் பறந்த 1911 பிப்ரவரி 18ஐத்தான் இந்திய விமான வரலாறு பெரிதாக நினைவில் வைத்திருக்கிறது. மதராஸ் அதற்கு முன்பே வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டது.

1930இல் மதராஸ் ஃப்ளையிங் கிளப் தொடங்கியது. அக்காலத்து இந்தியப் பறத்தல் கழகங்களில் பயிற்சிக்குப் பயன்பட்டவை பெரும்பாலும் இங்கிலாந்தின் தே ஹாவிலண்ட் நிறுவனத்தார் செய்த 'மாத்' என்ற இலேசான இரட்டை இறக்கை விமானங்கள். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாடா தபாலோடு பம்பாய்க்குப் பறந்து வந்தபோது, அங்கிருந்து அதை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். அதுவும் தே ஹாவிலண்ட் விமானமே. பெயர் 'புஸ் மாத்'. இந்த நிறுவனத்தின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இன்னொரு முறை வரப்போகிறது.

அந்த விமானங்களில் விமானியின் தண்டுக்கும் இறக்கை, வால் ஆகியவற்றின் ஓரத்தில் அசையும் மடல்களுக்கும் இடையே இருந்தது முறுக்குக் கம்பிதான். தண்டை இழுத்தால் கம்பி மடலை அசைக்கும். மடல்மேல் மோதும் காற்று அதே கம்பி வழியாகத் தண்டைத் திருப்பித் தள்ளும். இந்தத் தள்ளல் ஒரு கணக்குக்குக் கட்டுப்பட்டது: வேகம் இரு மடங்கானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். ஆகவே வேகத்தில் தண்டு கனக்கும். வேகம் குறையக் குறைய இளகும். காற்றில் மிதக்கப் போதிய வேகம் இல்லாமல் இறக்கை தூக்குச் சக்தியை இழக்கும் நிலைக்கு விமானிகள் 'ஸ்டால்' என்று பெயர் சொல்வார்கள். அதை நெருங்கும்போது தண்டு கையில் சோர்ந்து, பிறகு நடுங்கத் தொடங்கும். இறக்கைமேல் குலைந்த காற்று வாலில் மோதும் நடுக்கம் அது. வேகமானியைப் பார்க்க மறந்தவனையும் கை எச்சரித்துவிடும். பறக்கக் கற்றுக்கொள்வது என்பதில் பெரும்பகுதி இந்த மொழியைக் கற்றுக்கொள்வதாகவே இருந்தது.

விமானங்கள் பெரிதாகின, வேகம் கூடியது. மனிதத் தோள்களால் அசைக்க முடியாத அளவுக்கு மடல்கள் கனத்தன. எனவே எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் விசைகள் நடுவே வந்தன. விமானி ஒரு திறப்பானை அசைத்தால் போதும், விசை வேலையைச் செய்துவிடும். வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால் கம்பி அறுந்துபோனதால் அதன் வழியாக வந்துகொண்டிருந்த சேதியும் நின்றுபோனது. மணிக்கு நூறு மைல் வேகமானாலும் நானூறு மைல் வேகமானாலும் தண்டு ஒரே மாதிரி இலேசாக இருக்கும். இறக்கை முறியும் அளவுக்கு இழுத்தாலும் கைக்குத் தெரியாது.

1952 மே 2 அன்று உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவை தொடங்கியது. விமானத்தின் பெயர் 'காமெட்'; செய்தவர்கள் தே ஹாவிலண்ட். மதராஸ்வாசிகளுக்குக் கம்பியும் துணியுமாகப் பறக்கக் கற்றுத்தந்த அதே நிறுவனம் இப்போது முழுக்க விசையால் இயங்கும் கட்டுப்பாடுகளோடு ஒரு ஜெட்டைச் செய்திருந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2 மாலை, சிங்கப்பூரிலிருந்து லண்டன் போகும் வழியில் ஒரு காமெட் கல்கத்தாவின் டம் டம் நிலையத்திலிருந்து கிளம்பியது. வங்காளத்தின் கோடைப் புயல் பருவம் அது. கிளம்பிய சில நிமிடங்களில் இடிமேகத்துக்குள் நுழைந்து, வானிலேயே உடைந்து, கல்கத்தாவுக்கு வடமேற்கே ஜகல்கோரி கிராமத்தருகே விழுந்தது. அதிலிருந்த 43 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இந்திய விசாரணை மன்றம் இரண்டு காரணங்களைச் சொன்னது. ஒன்று, புயலின் கடும் காற்றுவீச்சு. அல்லது, புயலுக்குள் விமானி அளவுக்கு மீறிக் கட்டுப்பாட்டை இழுத்ததோ, கட்டுப்பாட்டை இழந்ததோ. குப்புறக் கவிழும் விமானத்தை நிமிர்த்த ஒருவர் தண்டை இழுக்கிறார். எவ்வளவு இழுக்கிறோம் என்பதைத் தண்டு அவருக்குச் சொல்லவில்லை. இறக்கை தாங்கும் எல்லையை அவரது கை அறியாமல் கடந்துவிடுகிறது. நடந்தது இதுதான் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. அடுத்த ஆண்டு எல்பா தீவருகிலும் நேப்பிள்ஸ் அருகிலும் இரண்டு காமெட்டுகள் விழுந்து, உலோகச் சோர்வு என்ற வேறொரு கொடிய காரணம் வெளிப்பட்டது. ஆனால் கல்கத்தா விபத்துக்குப் பிறகு காமெட்டில் செய்யப்பட்ட மாற்றங்களில் ஒன்று நம் கதைக்கு முக்கியமானது. காற்றின் அழுத்தத்தை அளந்து அதற்கேற்பத் தண்டைக் கனக்கச் செய்யும் ஓர் அமைப்பை அதில் சேர்த்தார்கள். 'க்யூ ஃபீல்' என்று அதற்குப் பெயர். காற்றழுத்தத்தைக் குறிக்கப் பொறியாளர்கள் பயன்படுத்தும் எழுத்து க்யூ. அறுந்துபோன நூலின் இடத்தில் செயற்கை நூல் ஒன்று கட்டப்பட்டது எனலாம்.

பின்னாளைய ஜெட் விமானங்கள் பலவற்றில் ஸ்டாலை நெருங்கும்போது தண்டைக் குலுக்குவதற்கென்றே ஒரு மோட்டார் உண்டு. அச்சில் ஒரு பக்கமாகக் கனம் சேர்த்த மோட்டார் சுழலும்போது தண்டு அதிர்கிறது. நம் சட்டைப் பையில் கைப்பேசி அதிர்வதும் இதே தத்துவத்தால்தான். மாத் விமானத்தில் காற்று தானாகச் செய்த வேலையை அங்கே ஒரு மோட்டார் நடித்துக் காட்டுகிறது.

தரையில் இருந்தபடியே பறக்கப் பழகும் எந்திரங்களின் வரலாறு தனியே ஓடி வந்தது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவரின் குடும்பம் ஆர்கன் இசைக்கருவிகள் செய்துவந்தது. நம் ஆர்மோனியத்தில் உள்ளது போன்ற காற்றுத் துருத்திகள்தான் அந்த ஆர்கனின் உயிர். 1920களின் இறுதியில் அந்தத் துருத்திகளைக் கொண்டே சாயவும் திரும்பவும் செய்யும் ஒரு பொம்மை விமானத்தை லிங்க் உருவாக்கினார். பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்களே அதை முதலில் வாங்கின. 1934இல் அமெரிக்க ராணுவம் தபால் பறத்தலை ஏற்று, மோசமான வானிலையில் வரிசையாக விமானிகளைப் பலிகொடுத்த பிறகுதான் ஆறு லிங்க் எந்திரங்களை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கானோர் அவற்றில் பயின்றார்கள். விளையாட்டுப் பொருளுக்கும் பயிற்சிக் கருவிக்கும் இடையே உள்ள கோடு தொடக்கத்திலிருந்தே மெல்லியது.

மூன்றாவது ஓடை அணு ஆய்விலிருந்து வந்தது. கதிரியக்கப் பொருளைத் தடித்த சுவருக்கு அப்பாலிருந்து கையாள வேண்டும். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் ரேமண்ட் கோர்ட்ஸ் 1940களின் கடைசியில் இதற்கென எந்திரக் கைகளைச் செய்தார். 1954 வாக்கில் அவற்றை மின் மோட்டார்களால் இயக்கினார். சுவருக்கு அப்பால் எந்திர விரல் எதையேனும் தொட்டால், இப்பால் உள்ள மனித விரலுக்கு அந்தத் தடை உணரப்பட வேண்டும் என்பதே அவரது நோக்கம். கண்ணாடிக் குடுவையை நொறுக்காமல் தூக்க வேறு வழியில்லை. விசையைத் திருப்பி ஊட்டுவதால் 'விசைப் பின்னூட்டம்' என்று இதைத் தமிழில் சொல்லலாம்.

இந்த மூன்று ஓடைகளும் வீட்டு மேசையில் கலந்தது 1990களில். புரூஸ் ஆர்ட்விக் எழுதிய பறத்தல் நிரல் மைக்ரோசாஃப்ட் வழியாக 1982இல் ஐபிஎம் கணிப்பொறிக்கு வந்திருந்தது. ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த லூயிஸ் ரோசன்பெர்க் 1993இல் இம்மெர்ஷன் நிறுவனத்தைத் தொடங்கி, விசைப் பின்னூட்டக் காப்புரிமைகளைச் சேர்த்தார். 1997இல் மைக்ரோசாஃப்டின் 'சைடுவைண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் ப்ரோ' விற்பனைக்கு வந்தது. ஆனால் 2002இல் இம்மெர்ஷன், சோனி மீதும் மைக்ரோசாஃப்ட் மீதும் வழக்குத் தொடுத்தது. 2003இல் மைக்ரோசாஃப்ட் 2.6 கோடி டாலர் கொடுத்து ஒதுங்கிக்கொண்டது. அதே ஆண்டு சைடுவைண்டர் ஜாய்ஸ்டிக்குகளின் தயாரிப்பும் நின்றது. அதன்பின் ஏறக்குறைய இருபதாண்டுக் காலம் சாமானியர் வாங்கும் விலையில் இத்தகைய தண்டு கிடைப்பது அரிதாயிற்று. பழைய சைடுவைண்டர்கள் கைமாறிக் கைமாறி உயிர்வாழ்ந்தன. 2020களில்தான் சிறு பட்டறைகளும் சீன நிறுவனங்களும் மீண்டும் புதிய கருவிகளைக் கொண்டுவந்திருக்கின்றன.

சாதாரண ஜாய்ஸ்டிக்கில் இருப்பது ஒரு சுருள்வில் மட்டுமே. எந்த வேகத்திலும், எந்த உயரத்திலும், விமானம் தரையில் நின்றாலும்கூட அது ஒரே பலத்தோடு கையை நடுவுக்குத் தள்ளும். அதாவது, விமானம் எப்போதும் நலமாகவே இருக்கிறது என்று சலிக்காமல் பொய் சொல்லும். விசைப் பின்னூட்டத் தண்டில் வில்லுக்குப் பதில் இரண்டு மோட்டார்கள். ஒன்று முன்பின்னாக, மற்றது பக்கவாட்டில். சிமுலேட்டர் கணக்கிட்டுச் சொல்லும் விசையை அவை கைக்குத் தருகின்றன.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. மோட்டார் தள்ளும்போது அடிப்பாகம் நகர்ந்தால் எல்லாம் வீண். கனமான மரமேசையில் சி-கிளாம்ப் கொண்டு இறுக்க வேண்டும். அட்டைப் பலகை மேசையே அதிர்ந்து, தண்டின் சேதியைக் குழப்பிவிடும். பழைய கருவி வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால், அது 110 வோல்ட்டுக்கு உரியதா 230 வோல்ட்டுக்கு உரியதா என்று அடியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டே மின்சாரம் கொடுக்க வேண்டும். சைடுவைண்டரின் கைப்பிடியில் கை இருப்பதை அறியும் ஒளியுணரி ஒன்று உண்டு. கை எடுத்தால் மோட்டார் ஓய்ந்துவிடும். 'தண்டு உயிரில்லாமல் கிடக்கிறது' என்ற புகாருக்குப் பல சமயம் இதுவே விளக்கம்.

பிறகு மென்பொருளில் நான்கு குணங்களைச் சீர்செய்ய வேண்டும்: நடுவுக்கு இழுக்கும் வில் விசை, அசைவைத் தணிக்கும் தடை, உராய்வு, கனத்தின் மந்தம். தணிப்பு போதாவிட்டால், கையை விட்டதும் தண்டு தானாக இப்படியும் அப்படியும் ஊசலாடத் தொடங்கும். கணக்கிடுவதற்கும் மோட்டார் தள்ளுவதற்கும் இடையே உள்ள சிறு தாமதமே காரணம். கண்ணை ஏமாற்ற வினாடிக்கு இருபத்துநான்கு படங்கள் போதும் என்று திரைப்படம் கண்டுபிடித்தது. விரலை ஏமாற்ற வினாடிக்கு ஏறக்குறைய ஆயிரம் முறை விசையைப் புதுப்பிக்க வேண்டும் என்பது தொடுவுணர்வு ஆய்வாளர்கள் கைக்கொள்ளும் அளவு. நம் உறுப்புகளில் எளிதில் ஏமாறாதது கைதான் போலும்.

இவற்றையெல்லாம் சரிசெய்து, ஒரு சிறிய செஸ்னா விமானத்தைத் திரையில் கடலுக்கு மேலிருந்து மீனம்பாக்கம் நோக்கித் திருப்பினோம். வேகத்தைக் குறைத்தோம். மூக்கு கீழே போகப் பார்க்க, தண்டைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது, கை வலித்தது. 'டிரிம்' சக்கரத்தை மெல்லச் சுற்றியபோது, தண்டு இருந்த இடத்திலேயே இருக்க, கனம் மட்டும் கரைந்துபோனது. வில் வைத்த ஜாய்ஸ்டிக்கில் இது நடக்கவே நடக்காது. அங்கே டிரிம் செய்யும்போது தண்டை நடுவுக்குக் கொண்டுபோக வேண்டும், உண்மை விமானத்தில் செய்யாத ஒன்றைக் கை பழகிக்கொள்ளும். இடையில் வேண்டுமென்றே வேகத்தை இன்னும் இறக்கியபோது தண்டு சோர்ந்து, நடுங்கியது. திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் சரியான கணத்தில் 'விழப் போகிறது' என்றார். அவர் விமானத்தில் பயணியாகக்கூட அதிகம் ஏறியவரில்லை.

அந்த இரண்டு சொற்களில் இருப்பதைக் கற்பிக்கத்தான் பறத்தல் கழகங்கள் மாதக்கணக்காக உழைத்தன. அதைத்தான் கல்கத்தா வானில் ஒரு தண்டு சொல்லாமல் விட்டிருக்கலாம்.

இது முடிந்துபோன பிரச்சினை அன்று. 1980களின் இறுதியிலிருந்து ஏர்பஸ் விமானங்களில் விமானிகளின் பக்கத்தில் சிறு தண்டுகள்தான். அவற்றில் வில் விசை மட்டுமே உண்டு. ஒருவரது தண்டின் அசைவு மற்றவரது தண்டில் தெரியாது. தவறான இழுப்பைக் கணிப்பொறி தடுத்துவிடும் என்பது அதன் நியாயம். கோடிக்கணக்கான பயணங்களில் அந்த நியாயம் செல்லுபடியாகியும் இருக்கிறது. ஆனால் 2009 ஜூன் 1 அன்று ஏர் ஃபிரான்ஸ் 447 அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேர் இறந்தபோது, வேகமானிகள் உறைந்து கணிப்பொறி தன் பாதுகாப்பை விலக்கிக்கொண்டிருந்த நிமிடங்களில், ஒரு விமானி தண்டைப் பின்னுக்கு இழுத்தபடியே இருந்தார். அவரது கை என்ன செய்கிறது என்பதை அருகிலிருந்தவரின் கை உணர வழியில்லை. விபத்துக்குக் காரணங்கள் பல. அவற்றில் இந்த மௌனமும் பேசப்பட்டது. 2018இல் சான்றிதழ் பெற்ற கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி500 விமானத்தில் இரு விமானிகளின் தண்டுகளும் மோட்டார்களால் ஒன்றையொன்று உணர்கின்றன. வீட்டு மேசையின் தத்துவம் விமானி அறைக்குத் திரும்பியிருக்கிறது.

அடையாற்றின் தென்கரையில், சைதாப்பேட்டையிலிருந்து அதிகத் தொலைவில்லாத சென்னை ஐஐடியில், தொடுவுணர்வை ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது. மருத்துவ மாணவர்கள் உயிருள்ள உடலைத் தொடுமுன் எந்திரத்தின் வழியே தொட்டுப் பழகுவது போன்ற முயற்சிகள் இத்துறையைச் சேர்ந்தவை. நாடி பார்க்கும் வைத்தியர், பதம் பார்த்துப் பாகு இறக்கும் சமையற்காரர், தறியில் இழையின் விறைப்பை அறியும் நெசவாளர் ஆகியோரின் அறிவு எந்த நூலிலும் முழுமையாக எழுதப்பட்டதில்லை. கருவி மாறும்போது அது சத்தமில்லாமல் மறைகிறது; மறைந்தது எது என்பதுகூடப் பிறகு தெரிவதில்லை. விமானத்துறையில் மட்டும் அந்த இழப்புக்கு உடனடியாக விலை கொடுக்க வேண்டியிருந்ததால், அதை அளந்தார்கள், பெயரிட்டார்கள், மோட்டார் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

கருவிகளை நம் கைகளுக்கு இலேசாக்கிக்கொண்டே போகிறோம். நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அகற்றிய பாரத்தோடு எந்தச் சேதியும் சேர்ந்து போய்விட்டதா? தீவுத்திடலில் டி ஆஞ்செலிஸ் பறந்தபோது இந்தக் கேள்விக்குத் தேவையே இருக்கவில்லை. காற்று நேராக மனிதக் கையோடு பேசியது. இன்று நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார். மொழிபெயர்ப்பு நேர்மையாக இருக்க வேண்டும் என்பதில் இலக்கிய வாசகர்களுக்கு மாற்றுக்கருத்து இருக்காது.